அடையாளம் தேடிய ஆய்வாளர்கள்

1891ஆம் ஆண்டில், சிக்காகோ நகரிலிருந்து வெளிவந்த ‘மொனிஸ்ட்’ என்னும் தத்துவ சஞ்சிகையில் இத்தாலிய அறிஞர் ஒருவரின் கட்டுரை வெளியாயிற்று. எழுதியவர் தூரின் நகரப் பேராசிரியர் செசாரே லொம்புறோசோ. குற்றவாளி பிறக்கும்போதே குற்றவாளியாகப் பிறக்கிறான், அவனது மண்டையோடு, தாடை, காது, நெற்றி ஆகியவற்றை நோக்கியே அவனை இனங்காணலாம் என்பது 1876 முதல் அவர் நிலைநாட்ட முயன்ற கொள்கை. அக்காலத்தில் ஐரோப்பிய அமெரிக்க அரசுகளை அச்சுறுத்திக்கொண்டிருந்த அராஜகவாதிகளின்பால் அவர் இப்போது தமது அளவுகோலைத் திருப்பினார். பாரிஸ் நகர அராஜகவாதிகள் 41 பேரில் நூற்றுக்கு 31 வீதத்தினரிடமும், தூரின் நகரத்தவர் 100 பேரில் 34 பேரிடமும், சிக்காகோ நகரத்தவர் 43 பேரில் நூற்றுக்கு 40 வீதத்தினரிடமும் பிறவிக் குற்றவாளிக்குரிய முகக்குறிகள் காணப்படுவதாக எழுதினார். இத்தாலியின் விடுதலைக்குப் போராடிய புரட்சியாளரை எடுத்து நோக்கியபோதோ, நூற்றுக்கு ஒருவரிடங்கூட அக்குறியை அவர் காணவில்லை.

வென்ற புரட்சியாளருக்கு இலட்சணமான முகமும் தோற்றவருக்குக் கோணல் முகமும் வாய்த்த விந்தையை என்னென்பது! சாமுத்திரிகா இலட்சணம் பார்ப்போர் நம்மூரிலும் உளர். ஆயின் அவர்கள் பல்கலைக்கழகத்தில் ஆசனம் கேட்டதில்லை.

அதே ஆண்டில், அதே சஞ்சிகையில், பேராசிரியருக்கு ஒரு மறுமொழி வந்தது. அதை எழுதிய மைக்கல் சுவாப், ஜேர்மனியிலிருந்து அமெரிக்காவிற் குடியேறிய ஒரு புத்தகங் கட்டும் தொழிலாளி. 1886 மே 4ஆம் நாள் சிக்காகோவின் ஹேமார்க்கெற் சதுக்கத்தில், தொழிலாளர் கூட்டத்தைக் கலைக்க வந்த பொலீஸார்மீது யாரோ ஒருவர் குண்டு வீசினார். வீசியவர் யார் என்பது இன்றுவரை நிரூபிக்கப்படவில்லை. எனினும் எண்மர் குற்றவாளிகளெனத் தீர்க்கப்பட்டனர். நால்வர் தூக்கிலிடப்பட்டனர், ஒருவர் சிறையிலேயே உயிரை மாய்த்துக்கொண்டார், எஞ்சிய மூவருள் ஒருவர் சுவாப். சிறைக்குள் இருந்தபடி பேராசிரியரின் கட்டுரையைப் படித்த அவர் மிக அமைதியாகவே எழுதினார். பேராசிரியர் நம்பிய படங்கள் ஒரு பொலீஸ் அதிகாரி வெளியிட்ட நூலில் அச்சானவை, அவை எங்கள் முகங்களைச் சரிவரக் காட்டுவனவல்ல என்பது அவர் எழுப்பிய தடைகளுள் ஒன்று. 1893 ஜூன் மாதத்தில் இலினோய் மாநில ஆளுநர் ஓல்ற்கெல்ட் அம்மூவரையும் விடுவித்தார். நடந்த விசாரணை நீதியானதன்று என்று நீண்டதோர் அறிக்கையும் வெளியிட்டார். குற்றமே நிரூபிக்கப்படாதவர்களின் முகத்திலே குற்றத்தின் குறிகளை ஒரு விஞ்ஞானி எண்ணிக் கணக்கெடுத்திருந்தார் என்பது அதன்பின் தெளிவாயிற்று.

பழைய கதையை இத்துணை விரித்துரைத்ததற்குக் காரணமுண்டு. பயங்கரவாதி என்பவன் யார், ஏனைய மனிதரிலிருந்து அவன் எவ்வகையில் வேறுபட்டவன் என்ற வினாவை அறிஞருலகம் நூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கேட்டுவருகிறது. ஒவ்வொரு தலைமுறையும் ஓர் அடையாளத்தைக் கண்டுபிடித்து முன்வைக்கிறது. சிறிது காலத்தில், அவ்வடையாளமே இல்லாத பயங்கரவாதி ஒருவனும், அவ்வடையாளம் முழுவதும் பொருந்தியும் எறும்புக்குத் தீங்கெண்ணாத மனிதர் ஆயிரம்பேரும் எதிரே வந்து நிற்கின்றனர். உடனே ஆய்வு வேறோர் அடையாளத்தை நாடிச் செல்கிறது. உடம்பிலே தேடினர்; மூளையிலே தேடினர்; குழந்தைப் பருவத்திலே தேடினர்; வறுமையிலே தேடினர். பயங்கரவாதம் என்றால் என்ன என்று வரையறுப்பதிலேயே அவர்களுக்குள் உடன்பாடில்லை. ஒல்லாந்தில் ஆய்வு நடத்திய அலெக்ஸ் சிமித் 1980களில் அறிஞர்களின் வரையறைகளைத் திரட்டியபோது 109 வரையறைகள் கிடைத்தன.

இலக்கியம் இவ்விடயத்தில் விஞ்ஞானத்தை முந்திக்கொண்டது என்றே சொல்லவேண்டும். 1894 பெப்ருவரி 12ஆம் நாள் பாரிஸ் புகையிரத நிலையமொன்றின் அருகேயிருந்த ‘தேர்மினுஸ்’ சிற்றுண்டிச்சாலையில் எமில் ஹென்றி என்னும் இளைஞன் குண்டு எறிந்தான். வயது இருபத்தொன்று. கல்வியிற் சிறந்தவன், பிரான்சின் தலைசிறந்த பொறியியற் கல்லூரிக்குரிய எழுத்துப் பரீட்சையில் தேறி, வாய்மொழிப் பரீட்சையிலே தவறியவன். மூன்று நாட் கழித்து இலண்டன் கிறினிச் பூங்காவில், வானியல் நோக்குக்கூடத்தின் அருகே, குண்டுடன் சென்ற ஒருவன் அது வெடித்து மாண்டான். இந்தக் கிறினிச் நிகழ்ச்சியை வித்தாகக் கொண்டு யோசப் கொன்றாட் 1907இல் ‘த சீக்ரெற் ஏஜென்ற்’ என்னும் நாவலை எழுதினார். அந்நாவலிலே ஒசிப்பன் என்றொரு பாத்திரம். மருத்துவக் கல்வியை முடிக்காதுவிட்ட புரட்சிக்காரன், லொம்புறோசோவின் பக்தன். ஸ்ரீவி என்னும் பேதை இளைஞனின் காதுமடலைப் பார்த்தே இவன் சீரழிந்த இனத்தான் என்று அவன் தீர்ப்புக் கூறிவிடுகிறான். ஆனால் அந்த ஸ்ரீவியோ, வண்டிக் குதிரை அடிபடுவதைக் கண்டாலும் துடிதுடிப்பவன். குண்டு வெடித்துச் சிதறிப்போகிறவனும் அவனே. குண்டை அவனுடைய கையிலே கொடுத்தவன் அவனுடைய தமக்கையின் கணவன். அக்கணவனை ஏவிவிட்டது ஓர் அந்நிய நாட்டுத் தூதரகம். காதுமடலில் ஒன்றுமில்லை. அத்தானின்மீது வைத்த நம்பிக்கைதான் அப்பேதையைப் பூங்காவரை நடத்திச் சென்றது. கொன்றாட் இதை எள்ளல் தொனியிலே எழுதினார். இதனை எண்களால் நிறுவுவதற்குச் சமூகவியலாருக்கு மேலும் எண்பது ஆண்டுகள் வேண்டியிருந்தன.

அந்த எண்பது ஆண்டுகளுக்கிடையே உடம்பிலே அடையாளம் தேடும் ஆசை அற்றுப்போயிற்று என்று எண்ணுவோர்க்கு ஜேர்மனியில் நிகழ்ந்த ஒரு சம்பவம் விடை கூறும். உல்றிக்கே மைன்ஹோவ் மேற்கு ஜேர்மனியில் யாவரும் அறிந்த பத்திரிகை எழுத்தாளர். 1970 மே 14ஆம் நாள், மேற்கு பேர்லினிலிருந்த ஆய்வு நிறுவனமொன்றின் வாசிகசாலைக்கு, சிறைக்கைதியான அந்திரேயாஸ் பாடர் காவலர் சூழ அழைத்து வரப்பட்டார். மைன்ஹோவுடன் சேர்ந்து நூலொன்று எழுதுவதற்காக என்பது சொல்லப்பட்ட காரணம். ஆயுதந் தாங்கிய தோழர்கள் உட்புகுந்தனர். நிறுவன ஊழியர் ஒருவர் சுடப்பட்டுப் படுகாயமுற்றார். பாடர் சன்னல் வழியாகக் குதித்துத் தப்பினார். மைன்ஹோவும் குதித்தார். காலையில் எழுத்தாளராக அந்த வாசிகசாலையினுள் நுழைந்தவர், மாலையில் நாடு முழுவதும் தேடப்படும் குற்றவாளியானார். ‘செம்படைப் பிரிவு’ என்ற இயக்கம் அன்று பிறந்ததாகவே வரலாற்றாசிரியர் கருதுவர்.

1972இல் கைதான அவர், 1976 மே 9ஆம் நாள் ஸ்டம்ஹைம் சிறையில் தூக்கிலே தொங்கக் காணப்பட்டார். உடல் பேர்லினில் அடக்கஞ் செய்யப்பட்டது. அடக்கஞ் செய்யப்பட்ட உடலினுள்ளே மூளை இல்லை என்பதை அவருடைய குடும்பத்தார் அன்று அறியார். தூபிங்கன் பல்கலைக்கழக நரம்பியல் நிபுணர் ஒருவர் அதனை ஆய்வுக்காக வைத்துக்கொண்டிருந்தார். 1962இல் மைன்ஹோவுக்கு மூளையிலே கட்டி இருப்பதாக ஐயுற்றுச் சத்திரசிகிச்சை செய்தபோது, அது கட்டியன்று, வீங்கிய இரத்தக்குழாய் என்று தெரியவந்திருந்தது. அந்நோயும் சிகிச்சையும் மூளைக்கு விளைத்த சேதம் அவரது குற்றப்பொறுப்பையே ஐயத்துக்குரியதாக்குகிறது என்பது அந்நிபுணரின் எண்ணம். பின்னர் 1997இல் அம்மூளை மக்டபேர்க் நகரப் பேராசிரியர் ஒருவரிடம் சென்றது. அவருடைய முடிவும் ஏறக்குறைய அதுவே. 2002ஆம் ஆண்டில், பத்திரிகையாளரான மகள் இச்செய்தியை வெளியிட்டுத் தாயின் மூளையைத் தருமாறு கோரினார். அவ்வாண்டு டிசெம்பரில் அது எரியூட்டப்பட்டுத் தாயின் கல்லறையிலே சேர்க்கப்பட்டது.

இறந்தோர்க்குரிய மரியாதை பற்றிய கேள்வி ஒருபுறமிருக்க, இதிலே தருக்கவியல் சார்ந்த கேள்வியும் உண்டு. பாடருக்கு மூளையிலே சத்திரசிகிச்சை நடக்கவில்லை. பாதிரியார் ஒருவரின் மகளான குத்றூன் என்ஸ்லினுக்கும் நடக்கவில்லை. அதே மருத்துவமனையில் அதே சிகிச்சை பெற்று வீடு சென்று பேரப்பிள்ளைகளைக் கண்டவர் எத்தனை பேரோ! ஆயினும் படித்த, பண்பட்ட, இரண்டு குழந்தைகளுக்குத் தாயான ஒரு பெண் துப்பாக்கி ஏந்துவதற்கு நோயே காரணமென்று கேட்பதில் சமுதாயத்துக்கு ஓர் ஆறுதல் இருந்தது. நோயாயின், நமக்கும் அதற்கும் தொடர்பில்லை. அவருடைய தோழர்களுக்கோ இவ்விளக்கம் பேரவமானம். அரசியற் கருத்துக்காகப் போராடியவரைப் பைத்தியமாக்கும் சூழ்ச்சியென அவர்கள் கருதினர். கொலைக்குரிய பொறுப்பை அவர்மீது சுமத்த விரும்பியவர்களுக்கும் அது உகந்ததாகவில்லை. பைத்தியத்துக்குத் தண்டனை இல்லையன்றோ?

1977இல் மேற்கு ஜேர்மனியின் தலைமை அரச வழக்குத்தொடுநரும், பெரிய வங்கியொன்றின் தலைவரும், தொழிலதிபர் சங்கத் தலைவரும் அடுத்தடுத்துக் கொல்லப்பட்டபின், அந்நாட்டின் உள்நாட்டமைச்சு சமூக விஞ்ஞானிகளிடம் ஒரு பெரும் ஆய்வை ஒப்படைத்தது. 1981 முதல் 1984 வரை அது நான்கு பகுதிகளாக வெளிவந்தது. அதற்குமுன் எந்நாட்டிலும் நடைபெறாத அளவிலே, இடதுசாரிகள் 227 பேரும் வலதுசாரிகள் 23 பேருமாக 250 பேரின் வாழ்க்கை வரலாறுகள் ஆராயப்பட்டன. பெற்றோருடன் பிணக்கு, பள்ளியிலே முரண்பாடு, சிறு குற்றங்கள் எனப் பல செய்திகள் கிடைத்தன. இடதுசாரிகளுள் நான்கிலொரு பங்கினர் பதினான்கு வயதாகுமுன் தாயையோ தந்தையையோ இருவரையுமோ இழந்தவர்கள் என்பது பலரது கண்ணைக் கவர்ந்தது. பிறநாட்டு உளவியலார் இன்றுங்கூட இவ்வெண்ணை எடுத்தாளுவதுண்டு.

ஆனால் இவர்கள் எக்காலத்துப் பிள்ளைகள்? மைன்ஹோவ் 1934இல் பிறந்தார். ஐந்து வயதில் தந்தையையும் பதினான்கு வயதில் தாயையும் இழந்தார். 1943இல் பிறந்த பாடரின் தந்தை போரிலே சென்று மீளாதவர். யுத்தகால ஜேர்மனியில் தகப்பனை இழந்த பிள்ளை வீதிக்கு வீதி இருந்தது. அவர்களுட் பெரும்பாலோர் தச்சர்களாகவும் தாதியராகவும் ஆசிரியர்களாகவும் வாழ்ந்து மறைந்தனர். தந்தையற்ற பயங்கரவாதியை எண்ணியவர்கள், தந்தையற்ற தச்சனை எண்ண மறந்துவிட்டார்கள். ஒரு காரணத்தை நிறுவ வேண்டுமாயின், அக்காரணம் இருந்தும் அக்காரியம் நிகழாத இடங்களையும் பார்க்கவேண்டும் என்பது பாடசாலை விஞ்ஞான வகுப்பிலேயே நாம் கற்பிக்கும் பாடம். பயங்கரவாத ஆய்வு இப்பாடத்தைக் கற்பதற்கு வெகுகாலஞ் சென்றது.

ஒப்பிட்டுப் பார்த்தவர்களும் இருந்தனர். வறுமையே பயங்கரவாதத்தின் தாய் என்று 2001ஆம் ஆண்டின் நியூயோர்க் தாக்குதலுக்குப்பின் அரசியல்வாதிகள் பலர் முழங்கியபோது, அலன் குறூகர் என்னும் அமெரிக்கப் பொருளியலாளரும் செக் நாட்டைச் சேர்ந்த யித்கா மலெச்கோவாவும் கணக்கைப் பார்ப்போம் என்று புறப்பட்டனர். 2003இல் வெளியான அவர்களது கட்டுரை, லெபனானிலே போரிட்டு மடிந்த ஹிஸ்புல்லா இயக்கத்தினர் 129 பேரின் விவரங்களை, அதே நாட்டின் அதே வயதுடைய பொதுமக்களோடு ஒப்பிட்டது. பொதுமக்களுள் வறியோர் நூற்றுக்கு 33, மடிந்தோருள் 28. இடைநிலைக் கல்வியோ அதற்கு மேற்பட்ட கல்வியோ பெற்றோர் பொதுமக்களுள் 38, மடிந்தோருள் 47. வறுமையும் கல்லாமையும் காரணம் என்ற எளிய விளக்கம் இவ்வெண்களின் முன்னே நிற்கவில்லை. இதற்கும் ஒரு மறுப்பு எழுந்தது: விரும்பி வருவோர் யாவரையும் இயக்கம் ஏற்பதில்லை, திறமையுடையோரைப் பொறுக்கியெடுத்துக்கொள்கிறது, ஆகவே நம் பட்டியலில் இடம்பெறுவது விரும்பியோர் கூட்டமன்று, தெரிவுசெய்யப்பட்டோர் கூட்டமே. இம்மறுப்பு வலியது. ஆராய்ச்சி என்பது இவ்வாறு ஒருவர் கையை மற்றவர் பிடித்துத் தடுப்பதிலேதான் முன்னேறுகிறது.

கல்வியின் பெயர் வந்தமையால் ஆசிரியர்கள் விரும்பக்கூடிய, ஒருவேளை விரும்பாத, இன்னோர் ஆய்வையும் சொல்லிவிடுகிறேன். டியேகோ கம்பெற்றா, ஸ்ரெபன் ஹேர்ட்டொக் என்ற இருவர் 2016இல் வெளியிட்ட நூல், இஸ்லாமியத் தீவிர இயக்கங்களில் உயர்கல்வி பெற்று, கற்ற துறையும் தெரியவந்தவர்களுள் ஏறக்குறைய 45 வீதத்தினர் பொறியியல் பயின்றவர் என்று காட்டிற்று. ஐரோப்பாவின் இடதுசாரி ஆயுத இயக்கங்களிலோ பொறியியலார் மிக அரிது. அங்கே மானிடவியலும் சமூக விஞ்ஞானமும் கற்றோரே மிகுதி. படித்துப் பட்டம் பெற்றும் தகுந்த தொழில் கிட்டாத ஏமாற்றம் ஒரு காரணம், ஐயத்துக்கு இடமில்லாத ஒழுங்கை நாடும் மனப்பாங்கு இன்னொரு காரணம் என்பது அவர்கள் கருத்து. வியப்பூட்டும் செய்திதான். ஆயினும் உலகிலே பொறியியலார் கோடிக்கணக்கானோர் பாலங் கட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்பதை மறந்து இந்நூலைப் படிப்பவர், லொம்புறோசோவின் நாற்காலியிலே அமர்ந்துவிட்டார் என்று பொருள்.

அப்படியாயின் எஞ்சுவது யாது? 1981ஆம் ஆண்டிலேயே அமெரிக்க அரசியல் ஆய்வாளர் மார்த்தா கிறென்ஷோ, பயங்கரவாதிகளிடம் பொதுவாகக் காணப்படும் பண்பு ஒன்று உண்டாயின் அது அவர்களது இயல்பான மனநிலையே என்ற கருத்தைத் துணிந்து எழுதினார். உளநோயாளரைக் கொண்டு எந்த இரகசிய இயக்கமும் நெடுநாள் நடவாது. கட்டளையைக் காக்கவும், பொறுமையாகக் காத்திருக்கவும், தோழனைக் காட்டிக்கொடாதிருக்கவும் நிதானமுடைய மனிதர் தேவை. இதைக் கேட்ட பலர் அன்று முகஞ் சுளித்தனர். இன்று இத்துறையினர் பெரும்பாலும் இதனை ஏற்றுக்கொள்கின்றனர். தனித்து நின்று தாக்குவோர் சிலரைப் பற்றியே மாறுபட்ட முடிவுகள் உள.

இத்தாலியச் சமூகவியலாளர் டொனத்தெல்லா தெல்லா போர்த்தா வேறு வழியிற் சென்றார். ‘இவர்கள் எத்தகையோர்?’ என்று கேளாமல், ‘இவர்கள் யாருடன் சென்றார்கள்?’ என்று அவர் கேட்டார். 1970களில் இத்தாலியை உலுக்கிய தலைமறைவு இயக்கங்களைச் சேர்ந்த 1,214 பேரின் நீதிமன்றப் பதிவுகளை அவர் ஆராய்ந்தார். 843 பேருக்கு, இயக்கத்திற் சேருமுன்னரே, அதனுள்ளே ஒரு நண்பராவது இருந்திருக்கிறார். அவர்களுட் பெரும்பாலோர்க்கு ஒருவருக்கு மேற்பட்ட நண்பர்கள். உடன்பிறந்தோர், கணவன் மனைவியர் எனக் குடும்பமாகச் சேர்ந்தோரும் உளர். கொள்கை நூலைப் படித்து முடித்து, சரியென்று தெளிந்து, பின் இயக்கத்தைத் தேடிச் சென்றவர் சிலரே. முதலிலே நண்பன்; பின்னர் கூட்டம்; பின்னர் ஊர்வலம்; ஊர்வலத்திலே பொலீஸாரின் தடியடி; காயமுற்ற தோழனுக்கு ஒளிந்திருக்க ஓர் அறை; அந்த அறையின் சாவி. ஒவ்வொரு படியும் முன்னைய படியிலிருந்து ஒரு சாண் உயரமே. தோழன் கொல்லப்பட்டபின்போ, திரும்பிச் செல்வது கொள்கையைக் கைவிடுதலாகத் தோன்றாமல், இறந்தவனைக் கைவிடுதலாகத் தோன்றுகிறது.

உளநோய் மருத்துவரும் முன்னாள் அமெரிக்க உளவுத்துறை அலுவலருமான மார்க் சேஜ்மன், 2004இல் அல் கைதாவைச் சார்ந்த 172 பேரின் வரலாறுகளைத் தொகுத்தபோது, முற்றிலும் வேறான நாடு, வேறான சமயம், வேறான தலைமுறை என்றிருந்தும், மூன்றில் இரண்டு பங்கினரை உள்ளே அழைத்துச் சென்றது நட்பே என்று கண்டார். கொன்றாட்டின் பேதை இளைஞனும் அவனுடைய அத்தானும் இப்போது நினைவுக்கு வரலாம்.

இம்முடிவு ஆறுதலளிப்பதன்று. நட்பும் விசுவாசமும் தியாகமும் நாம் வகுப்பறையிலே போற்றிக் கற்பிக்கும் பண்புகள். அவையே சிற்சில வேளைகளில் மனிதனைக் கொலைக்களம்வரை நடத்திச் செல்லும் கயிறாகின்றன என்றால், வெட்டியெறிய வேண்டிய உறுப்பு எது? நட்பை ஒரு நோய்க்குறியாக எந்த ஆசிரியர் குறித்துக்கொள்ள முடியும்?

குறித்துக்கொள்ளுமாறு பிரித்தானிய அரசு ஆசிரியரைக் கேட்டது என்பதுதான் விந்தை. 2005 ஜூலை 7ஆம் நாள் இலண்டன் சுரங்க இரயில்களிலும் ஒரு பேருந்திலும் நால்வர் குண்டுகளை வெடிக்கச்செய்து தாமும் மாண்டு, 52 பேரைக் கொன்றனர். நால்வரில் மூவர் லீட்ஸ் நகர்ப்பகுதியில் வளர்ந்தவர்கள். தலைவர்போல் விளங்கியவர் ஓர் ஆரம்பப் பாடசாலையிலே, பின்தங்கிய மாணவருக்குத் துணைநிற்கும் பணியில் இருந்தவர். இதன்பின்னரே ‘தீவிரமயமாதல்’ என்ற சொல் அமைச்சுகளிலும் பல்கலைக்கழகங்களிலும் பெருவழக்காயிற்று. ஆங்கிலத்தில் அதன் மூலம் ‘வேர்’ என்று பொருள்படும் இலத்தீன் சொல். பொருத்தமான பெயர் என்று தோன்றும். ஆனால் சில ஆய்வாளர் சுட்டியதுபோல, இச்சொல் வந்தபின் வேரைப் பற்றிய பேச்சே குறைந்துவிட்டது. போர், ஆக்கிரமிப்பு, அநீதி என்ற பழைய சொற்களின் இடத்திலே, ஒரு தனி இளைஞன் தன் அறையிலிருந்து எவ்வாறு படிப்படியாக மாறினான் என்ற கதை மட்டும் வந்து அமர்ந்தது.

2015இல் இயற்றப்பட்ட சட்டமொன்று, மாணவர்கள் பயங்கரவாதத்தின்பால் ஈர்க்கப்படாதவாறு கவனிக்கும் கடமையைப் பிரித்தானியப் பாடசாலைகள்மீதும் பல்கலைக்கழகங்கள்மீதும் சுமத்தியது. ஐயத்துக்குரியவரென அறிவிக்கப்பட்டோரை மதிப்பிட 22 அம்சங்கள் கொண்ட ஒரு பட்டியல் பல ஆண்டுகள் பயன்பட்டது. அதன் மூலம் சிறையிலிருந்த குற்றவாளிகளைக் கொண்டு ஆக்கப்பட்ட பட்டியல். குற்றம் செய்யாதாரோடு ஒப்பிட்டு ஆக்கப்பட்டதன்று. 2016இல் நூற்றுக்கு மேற்பட்ட அறிஞர்கள் இதன் விஞ்ஞான அடிப்படையைக் கேள்விக்குட்படுத்தி ஒரு பகிரங்கக் கடிதத்திற் கையொப்பமிட்டனர். தூரின் நகரப் பேராசிரியர் எழுப்பிய அதே சுவருக்கு, வேறு வர்ணம் பூசப்பட்டிருந்தது.

இங்கே ஒரு சிறு கணக்கு. பத்து இலட்சம் மாணவருள் என்றோ ஒருநாள் வன்முறையிலிறங்கக்கூடியவர் நூறு பேர் என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது தடவை சரியாகச் சொல்லும் ஒரு பரீட்சை நம்மிடம் உண்டென்றும் வைத்துக்கொள்வோம். மானிட மனத்தை அளக்கும் எந்தப் பரீட்சையும் அவ்வளவு நுட்பமானதன்று. அப்பரீட்சை அந்த நூறு பேரில் 99 பேரைப் பிடித்துவிடும். அவர்களோடு சேர்த்து, ஒரு பாவமும் அறியாத 9,999 பேரையும் பிடித்துவிடும். அந்தப் பதினாயிரவருள் ஒருவன் உங்கள் வகுப்பின் இரண்டாம் வாங்கிலே அமர்ந்திருப்பான். இனிமேல் அவன் வகுப்பிலே கேள்வி கேட்கமாட்டான். நடந்ததைப் பின்னோக்கி விளக்கும் அறிவு வேறு, நடக்கப்போவதை முன்கூட்டிச் சொல்லும் அறிவு வேறு. ஆய்வாளர்கள் பெற்றிருப்பது முன்னையது. அரசுகள் விலைபேசுவது பின்னையதை.

நம் நாட்டவராகிய நாமும் இவ்வாய்வு நூல்களிலே எண்களாக இருக்கிறோம். சிக்காகோப் பேராசிரியர் ரொபேர்ட் பேப் 2005இல் வெளியிட்ட நூலில், 1980 முதல் 2003 வரை உலகெங்கும் நிகழ்ந்த 315 தற்கொலைத் தாக்குதல்களைத் தொகுத்து, அவற்றுள் 76 விடுதலைப் புலிகளால் நடத்தப்பட்டவை என்று கணக்கிட்டார். சமயச் சார்பற்ற இயக்கமே பட்டியலின் முதலிடத்தில் நின்றமையால், தற்கொலைத் தாக்குதலுக்குச் சமயவெறியே காரணம் என்ற கொள்கையை மறுக்க அவருக்கு நம் நாடு சான்றாயிற்று. அந்நியப் படையை வெளியேற்றும் நோக்கமே காரணம் என்றார். நான்கு அரசியல் விஞ்ஞானிகள் 2008இல் அவருக்குச் சொன்ன மறுப்பு நமக்கு இப்போது பழகிய ஒன்றுதான். தாக்குதல் நடந்த இடங்களையே நோக்கினால், அந்நியப் படை இருந்தும் தாக்குதல் நடவாத இடங்கள் என்னாவது?

2009இல் யுத்தம் முடிந்தபின், விடுதலைப் புலிகள் இயக்கத்தைச் சேர்ந்தவரெனப் பதினோராயிரத்துக்கு மேற்பட்டோர் புனர்வாழ்வு முகாம்களுக்கு அனுப்பப்பட்டனர். அமெரிக்க உளவியலாளர் ஆரி குறுக்லன்ஸ்கியும் அவருடைய சகாக்களும் அவர்களை ஆராய்ந்தனர். மதிப்பிழந்து சிறுமையுற்ற மனிதன் தன் வாழ்வுக்கு ஒரு பெருமதிப்பைத் தேடும்போதே தீவிர வழியை நாடுகிறான், அம்மதிப்பைத் தொழிலாலும் கல்வியாலும் வேறு வழியிலே பெற்றால் திரும்பி வருகிறான் என்பது குறுக்லன்ஸ்கியின் கொள்கை. ஒதுக்கித் தள்ளத்தக்கதன்று; மனிதனை நோயாளியாகவோ மிருகமாகவோ அது பார்க்கவில்லை. 2018இல் வெளிவந்த அவர்களது கட்டுரை, இக்கொள்கைக்கிணங்கப் பயிற்சி பெற்றோரிடம் ஓராண்டிலே தீவிர மனப்பாங்கு குறைந்ததாகத் தெரிவித்தது. விடுதலைபெற்று வீடு சென்றோரைத் தடுப்பிலே இராத ஏனைய தமிழ் மக்களோடு ஒப்பிட்டும் பார்த்தனர். ஆம், இம்முறை ஒப்பீடு இருந்தது. விடுதலைபெற்றவர்களின் விடைகள், முகாமையே காணாத அயலவர்களின் விடைகளைவிட மிதமானவையாக இருந்தன.

புனர்வாழ்வின் வெற்றி என்று அக்கட்டுரை இதனைக் கொள்கிறது. அவ்வாறும் இருக்கலாம். முகாமிலிருந்து மீண்ட ஒருவர், தம் பெயர் இன்னும் எங்கோ ஒரு கோவையில் இருக்கிறது என்பதை அறிந்த ஒருவர், வினாத்தாளை நீட்டும் அந்நியரிடம் எவ்விடையைக் குறித்துக் கொடுப்பார் என்பதை இப்பத்திரிகையின் வாசகருக்கு நான் விளக்கவேண்டியதில்லை.